பலிக்காத ஏழு கனவுகள்

போன வருடம் ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை. டோக்கன் எல்லாம் முடிந்து நான் கிளம்புகிற நேரத்தில் ஒருவர் மஞ்சள் பையோடு உள்ளே வந்தார். பழைய சீட்டோ ஸ்கேன் ரிப்போர்ட்டோ எடுப்பார் என்று பார்த்தால், வெளியே வந்தது கோடு போட்ட தாள்களை நூல் கோத்துக் கட்டிய ஒரு கையெழுத்துப் பிரதி.

"எனக்கு ஒண்ணும் இல்லை டாக்டர். என் கதாநாயகிக்குத்தான் பிரச்சினை" என்றார்.

பஸ் ஸ்டாண்ட் கடைகளில் கிளிப் மாட்டித் தொங்குமே மாத நாவல்கள், அவற்றில் நிறைய எழுதியவர். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். புதுக் கதை ஓர் அமானுஷ்ய த்ரில்லர். கதாநாயகி ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தலையில் அடிபடுகிறாள். கோமாவிலிருந்து எழுந்த பிறகு, நடக்கப்போகிற சாவுகள் அவளுக்குக் கனவில் தெரிகின்றன. ஆஸ்பத்திரி வருகிற அத்தியாயங்களை மட்டும் ஒரு மனநல மருத்துவர் பார்த்தால் நன்றாயிருக்கும் என்று வந்திருந்தார். மூன்று சனிக்கிழமை ஆயிற்று. திருத்தியது நான்தான் என்றாலும், கற்றுக்கொண்டதும் நான்தான்.

அவர் கடைசி அத்தியாயத்தை முதலில் எழுதுகிறவர். யார் கொலையாளி, எப்படி மாட்டுகிறான் என்பது முடிந்த பிறகுதான் முதல் அத்தியாயம். "பின்னாலேர்ந்து முன்னால வருவேன் டாக்டர். பதினெட்டாம் அத்தியாயத்துல ஒரு உடைஞ்ச வளையல் வேணும்னா, மூணாம் அத்தியாயத்துக்குப் போயி அந்த வளையலை அவ கையில மாட்டிவிட்டுட்டு வந்துருவேன். படிக்கிறவன், அட, அப்பவே சொல்லியிருக்கானேம்பான்." வளையல் ரொம்பக் கண்ணில் படாமல் இருக்க, அதே பக்கத்தில் காய்கறிக்காரரோடு ஒரு சண்டையையும் வைத்துவிடுவாராம்.

பிரதியில் பல இடங்களில் சிவப்பு மையால் பத்தி பத்தியாக அடித்திருந்தது. கேட்டேன். முதலில் எழுதியபோது கதாநாயகிக்குப் பதினோரு கனவுகள் வந்தனவாம். நாலு பலிக்கும், ஏழு பலிக்காது. "நியாயமா இருக்கட்டுமேன்னுதான் எழுதினேன். வீட்டுல படிச்சுட்டு, இந்த ஏழும் எதுக்குங்கன்னு கேட்டா. சரிதானே? பலிக்காத கனவு கதையை நகர்த்தாது. அடிச்சுட்டேன்."

என் ஓ.பி.யில் தினமும் நடப்பதை இவ்வளவு சுருக்கமாக எனக்கு யாரும் சொன்னதில்லை. முடிவு தெரிந்த பிறகு பின்னால் போய்த் தடயத்தை வைப்பது, பொருந்தாததை அடித்துவிடுவது. நம் ஞாபகமும் இதைத்தான் செய்கிறது. "அன்னைக்குக் காலையிலயே எனக்கு மனசு சரியில்லை டாக்டர், அப்பவே தெரிஞ்சுபோச்சு" என்று சாவு வீட்டில் சொல்லாதவர் யார்? மனசு சரியில்லாமல் இருந்து எதுவுமே நடக்காத காலைகள் எத்தனை என்று யாரும் எண்ணி வைப்பதில்லை. எழுத்தாளருக்குத் தான் அடித்தது தெரியும். நமக்கு அதுவும் தெரியாது.

ஒரு சின்னக் கணக்கு. 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டு மக்கள்தொகை சுமார் 7.2 கோடி. ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு ஒரே ஒரு தடவைதான், தெரிந்தவர் இறந்துபோவதாகக் கனவு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியே பார்த்தாலும் தினமும் காலையில் ஏறக்குறைய 2 லட்சம் பேர் அந்தக் கனவோடு எழுந்திருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு அன்றைக்கே போன் வரத்தான் செய்யும். போன் வந்தவர் அதை ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருப்பார்; மற்றவர்கள் பல் தேய்க்கும்போதே மறந்திருப்பார்கள்.

எழுத்தாளர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் அவருக்கு ஜான் பார்க்கர் கதையைச் சொன்னேன். 1966 அக்டோபர் 21-ம் தேதி, வேல்ஸில் ஆபெர்ஃபான் என்ற ஊரில், நிலக்கரிச் சுரங்கக் கழிவைக் கொட்டிக் கொட்டி மலைபோல ஆகியிருந்த மேடு சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. இறந்தவர்கள் 144 பேர். அதில் 116 பேர் குழந்தைகள். பார்க்கர் ஒரு மனநல மருத்துவர். இந்த விபத்து முன்கூட்டியே மனதில் பட்டவர்கள் எழுதலாம் என்று லண்டன் ஈவினிங் ஸ்டாண்டர்ட் பத்திரிகை மூலம் கேட்டார். 76 பேர் எழுதினார்கள். பொய் சொல்பவர்கள் என்று அவர்களை ஒதுக்க முடியாது. ஆனால் எல்லாக் கடிதமும் குழந்தைகளைப் புதைத்த பிறகு வந்தவை.

அந்த ஓட்டை பார்க்கருக்கும் தெரிந்திருந்தது. அதனால் 1967 ஜனவரியில், அந்தப் பத்திரிகையின் அறிவியல் நிருபர் பீட்டர் ஃபேர்லியோடு சேர்ந்து ஓர் அலுவலகம் தொடங்கினார். கனவோ உள்ளுணர்வோ, எது வந்தாலும் முன்னாலேயே எழுதி அனுப்ப வேண்டும். தேதியோடு பதிந்து வைத்து, பிறகு நடப்பதோடு ஒப்பிடுவார்கள். அதாவது, சிவப்புப் பேனாவை யார் கையிலும் கொடுக்காத ஏற்பாடு. நூற்றுக்கணக்கில் வந்து குவிந்தன. பெரும்பாலானவை ஒன்றுமில்லாமல் போயின. பொருந்தியது போலத் தெரிந்தவை சொற்பம். அவற்றில் பெரும்பகுதி இரண்டே பேர் சொன்னவை. அந்த இருவரும் பிறகு பார்க்கரையே எச்சரித்தார்கள், உங்கள் உயிருக்கு ஆபத்து என்று. சாவு வரும் என்று சொல்லக் கேட்ட பயத்திலேயே ஒருவர் செத்துப்போக முடியுமா என்று புத்தகம் எழுதிய மனிதர் அவர். 1968 ஆகஸ்டில் மூளையில் ரத்தக்கசிவு வந்து இறந்தார். வயது 44.

"ஐயோ டாக்டர், இதையே எழுதலாமே!" என்று எழுத்தாளர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். நூற்றுக்கணக்கில் பொய்த்துப்போனவை அவர் காதில் விழவே இல்லை. கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடியது.

கதையில் இது நடந்தால் சுவாரஸ்யம். வீட்டில் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிற பையன். பஸ்களின் நம்பரில் தனக்குச் செய்தி வருவதாகச் சொல்ல ஆரம்பித்தான். யாரோ காதில் சொல்கிறார்கள் என்றான். பெரியப்பாவுக்கு நெஞ்சுவலி வரும் என்று சொன்ன வாரத்தில் அவருக்கு வந்துவிட்டது. அவ்வளவுதான், ஊரில் செய்தி பரவி, எலுமிச்சம்பழத்தோடு ஆட்கள் குறி கேட்க வந்துவிட்டார்கள். பையன் தூங்கவில்லை, குளிக்கவில்லை, அரியர் ஐந்து. எல்லாவற்றுக்கும் சேர்த்து "சாமி வந்திருக்கு" என்ற ஒரே விளக்கம் போதுமானதாக இருந்தது. பத்து மாதம் கழித்து, அம்மாவின் சாப்பாட்டில் விஷம் இருக்கிறது என்று சொல்லித் தட்டைத் தூக்கி எறிந்த பிறகுதான் என்னிடம் கூட்டி வந்தார்கள்.

பலித்த மூன்று சம்பவங்களை அப்பா தேதியோடு சொன்னார். "பலிக்காதது எத்தனைண்ணே?" என்று கேட்டேன். அவர் யோசித்துக்கொண்டே இருந்தார். பின்னால் நின்ற தங்கச்சிதான் பேசியது. "எனக்கு ரெண்டு தடவை ஆக்சிடென்ட் ஆகும்னு சொன்னான் சார். நான் முழுசாத்தானே நிக்கிறேன்."

அவனுக்கு வந்திருந்தது மனச்சிதைவு நோயின் தொடக்கம். உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலோ இருபதுகளிலோ ஆரம்பிக்கும், ஆண்களுக்குக் கொஞ்சம் முன்னதாகவே. ஒரே உடம்பில் இரண்டு ஆட்கள் இருப்பதாகச் சினிமாவில் காட்டுகிறார்களே, அது வேறு. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மருந்து ஆரம்பிக்கத் தாமதமாகிற ஒவ்வொரு மாதமும் படிப்பு, வேலை, சிநேகிதம் என்று ஏதாவது ஒன்றைக் கொண்டுபோகும். அந்தப் பத்து மாதத்தைத்தான் என்னால் அவனுக்குத் திருப்பித் தர முடியவில்லை.

இதைப் படித்துவிட்டு, ஒரு குரல் கேட்டதற்கெல்லாம் பயந்து ஓடிவர வேண்டாம். நள்ளிரவில் விழிப்பு வந்து, கை கால் அசையாமல், நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருந்தால், நம் ஊரில் அமுக்குவான் பேய் என்பார்கள். கனவு காணும் தூக்கத்தில் உடம்பின் தசைகள் தளர்ந்து கிடக்கும். அந்தத் தளர்ச்சி விலகும் முன்பே விழிப்பு வந்துவிட்டால் இப்படி ஆகும். ஒன்றிரண்டு நிமிடத்தில் சரியாகிவிடும். கணவரை இழந்த அம்மாவுக்கு அவருடைய செருமல் சத்தம் வாசலில் கேட்கிறது என்றால், அதுவும் நோய் அல்ல. 1971-ல் டெவி ரீஸ் என்ற வேல்ஸ் நாட்டு மருத்துவர், துணையை இழந்த 293 பேரிடம் கேட்டதை வெளியிட்டார். கிட்டத்தட்ட பாதிப் பேர் இறந்தவரை ஏதாவது ஒரு விதத்தில் உணர்ந்திருந்தார்கள். நிறையப் பேர் அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆனால் எழுத்தாளருடைய கதாநாயகி விஷயம் வேறு. தலையில் அடிபட்ட பிறகு, இது ஏற்கெனவே நடந்தது என்ற உணர்வு திரும்பத் திரும்ப வருகிறது. இல்லாத வாடை அடிக்கிறது. வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுகிறது. சில விநாடி வெறித்துப் பார்த்துக்கொண்டு வாயை மென்றுகொண்டிருக்கிறாள். இதையெல்லாம் அவர் "சக்தி இறங்கும் நேரம்" என்று மூன்றாம் அத்தியாயத்தில் பிரமாதமாக எழுதியிருந்தார். கை கால் வெட்டாமலும் வலிப்பு வரும் என்பது அவருக்குத் தெரியாது. இது மூளையின் பொட்டுப் பகுதியில் வருகிற வலிப்பாக இருக்கலாம். அவளுக்கு முதலில் எழுத வேண்டியது மூளையின் மின்னலைகளைப் பதிந்து பார்க்கிற இ.இ.ஜி. பரிசோதனைக்குச் சீட்டு. ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயெவ்ஸ்கிக்கு வலிப்பு நோய் இருந்தது; வலிப்புக்கு முந்தைய அந்தப் பரவச நொடியை 'அசடன்' நாவலில் கதாநாயகன் மிஷ்கினுக்குக் கொடுத்தார். நோய் என்று தெரிந்தே எழுதியதால் கதை எங்கேயும் கெட்டுப்போய்விடவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "அது ரஷ்யா டாக்டர்" என்றார்.

அப்புறம் ஷாக் கொடுக்கிற காட்சி. கதாநாயகியைக் கட்டிப்போட்டு, கதறக் கதற மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுக்காமல் அந்தச் சிகிச்சையைச் செய்யக் கூடாது. சங்கிலியால் கட்டுவதற்கும் அதே சட்டத்தில் தடை இருக்கிறது. சங்கிலி என்றதும் இருவருமே கொஞ்ச நேரம் பேசவில்லை. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகை எரிந்து 28 பேர் இறந்தது அவருக்கும் நினைவிருந்தது. கட்டிப் போட்டிருந்ததால் ஓட முடியவில்லை. அந்தக் காட்சியை அவரே கிழித்தார். 'சைக்கோ' என்ற சொல்லையும் எடுக்கச் சொன்னேன். மனநோய் உள்ளவர்கள் அடிப்பதைவிட அடிவாங்குவதுதான் அதிகம் என்று வாதாடினேன். ஐந்து இடத்தில் எடுத்தார். இன்ஸ்பெக்டர் பேசுகிற ஓர் இடத்தில் மட்டும் விடமாட்டேன் என்றார். "அவர் அப்படித்தானே பேசுவார்?" அதில் நான் தோற்றேன்.

கோயிலுக்குப் போகாதீர்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. குணசீலத்தில் ஒரு மண்டலம் தங்கிவிட்டு வருகிறோம் என்றால், சரி, மாத்திரையையும் எடுத்துக்கொண்டு போங்கள் என்பேன். ஆளைக் கூட்டிவர முடியாத நிலை என்றால், அல்லது இது நோயா இல்லையா என்றே தெரியவில்லை என்றால், 14416-க்கு ஒரு போன் போடுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை. 2022 அக்டோபரில் தொடங்கியது. இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, மருந்து இலவசம். போகும்போது முடிந்தால் அந்தத் தங்கச்சி மாதிரி ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அந்தப் பையன் இப்போது ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறான். பஸ் நம்பர் இன்னும் கண்ணில் படும், ஆனால் பஸ் நம்பராகவே படும் என்கிறான்.

நாவல் தை மாதம் வந்தது. ஒரு பிரதி அனுப்பியிருந்தார். அடித்துவிட்ட ஏழு கனவுகளில் ஒன்றை ஆறாம் அத்தியாயத்தில் திரும்பச் சேர்த்திருந்தார்: பக்கத்து வீட்டு அம்மா கிணற்றில் விழுவதாகக் கதாநாயகி கனவு காண்கிறாள். மறுநாள் காலை அந்த அம்மா காப்பிப்பொடி கடன் கேட்டு வருகிறார், வாங்கிக்கொண்டு போகிறார். அதோடு சரி.

போன வாரம் எழுத்தாளர் போன் செய்தார். வாசகர் கடிதங்கள் வந்திருக்கின்றனவாம். இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்களாம்: அந்தப் பக்கத்து வீட்டு அம்மா எப்போது கிணற்றில் விழுந்தார், சொல்லாமலே விட்டுவிட்டீர்களே?