உபயம்: சொல் விளக்கம்

கோயிலுக்கோ பொது இடத்துக்கோ ஒருவர் தம் சொந்தச் செலவில் செய்து தருவது உபயம். செய்தவர் உபயதாரர்.

'உபய' வடசொல். நேர்ப்பொருள் இரண்டு. பெருமாள் இரு தேவியரோடு எழுந்தருளினால் 'உபய நாச்சியார் சமேதராய்' என்பார்கள். பழைய கடிதங்களில் வரும் 'உபயகுசலோபரி'யும் இரு பக்க நலத்தைச் சொல்வதுதான். கோயில் வழக்கில் கொடை என்ற பொருளும் சேர்ந்து, திருவிழாப் பத்திரிகை, டியூப்லைட் வழியாகத் தெருவுக்கு வந்துவிட்டது. டியூப்லைட்டின் நீளத்துக்கும் கறுப்புப் பெயின்ட்டில் பெயர் எழுதினால் பெயர் நன்றாகத் தெரியும், வெளிச்சம்தான் குறையும்.

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் கோடையில் கட்சிக்காரர்கள் வைக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கு இந்தச் சொல் பொருந்தும். மோரும் தர்பூசணியும் அவர்கள் கைக்காசில் வாங்கியவை என்றால் உபயம் என்று போடுவதில் தவறில்லை. தொகுதி நிதியில் கட்டிய பஸ் நிழற்குடையில் எழுதும்போதுதான் சிக்கல். நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். அது உறுப்பினர் கைக்கு வராது. இன்ன இடத்தில் இன்ன வேலை என்று அவர் பரிந்துரைப்பார். மாவட்ட நிர்வாகம் ஒப்புதல் தரும். வரிப்பணத்தில் எழுந்த கூரைக்கு உபயதாரர் யார்? கீழே நிற்கும் பயணிதான். இதில் 'அண்ணன் அவர்களின் உபயம்' என்று வேறு எழுதுகிறார்கள். தமிழில் யாரும் தனக்குத் தானே 'அவர்கள்' போட்டுக்கொள்வதில்லை.

பெயர் பொறிப்பதே ஆணவம் என்று சொல்ல முடியாது. சோழர் காலக் கொடைக் கல்வெட்டுகளில் கொடுத்தவர் பெயர் இருக்கும். கூடவே, அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 90 அல்லது 96 ஆடு, 'சாவா மூவாப் பேராடு' (என்றும் எண்ணிக்கை குறையாத ஆடுகள்), என்று கொடையின் அளவும் காலமும் இருக்கும். பல கல்வெட்டுகள், இந்தத் தர்மத்தைக் காப்பவர் பாதம் என் தலைமேல் என்று முடியும். பின்னால் பராமரிக்கப் போகிறவருக்குக் கொடுத்தவர் தலைவணங்குகிறார். நம் பலகைகளில் பெயர் மட்டும் தங்கி, மற்றதெல்லாம் போய்விட்டது.

சரியான தமிழ்ச்சொல் கொடை. நன்கொடை என்றும் சொல்லலாம். கொடை இங்கே இன்னும் பொருந்துவதற்குத் தொல்காப்பியத்தில் காரணம் உண்டு: 'ஈ' என்று கேட்பவன் இழிந்தோன், 'தா' என்பவன் ஒப்போன், 'கொடு' என்பவன் உயர்ந்தோன். அதன்படி பார்த்தால், கொடு என்று கேட்கும் வாக்காளர் கொடுப்பவரைவிட உயரத்தில் நிற்கிறார்.

அரசு நிதியில் கட்டியதற்குக் கொடையும் சரிவராது. '… நிதியில் கட்டப்பட்டது' என்பதே பிழையற்ற வாசகம். முதல் வரியில் நிறுத்தத்தின் பெயர், பெரிய எழுத்தில். அடுத்து நிதியின் பெயர், ஆண்டு, தொகை. உறுப்பினர் பெயர் வேண்டுமென்றால் 'பரிந்துரை' என்று போட்டு, அதே அளவு எழுத்தில் கடைசியில். அதையும் தனித் தகட்டில் வைப்பது நல்லது. தேர்தல் நடத்தை விதி வந்ததும் பெயரையும் படத்தையும் தாள் ஒட்டி மறைப்பார்கள். எல்லாம் ஒரே பலகையில் இருந்தால் நிறுத்தத்தின் பெயரும் சென்னை மாநகராட்சிப் புகார் எண் 1913-உம் சேர்ந்தே மறைந்துபோகும்.