பரிணாமத்துக்கு எதற்கு வளர்ச்சி?

போன மாதம் உறவுக்காரப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் போயிருந்தேன். கோரையாற்றில் படகு மெதுவாகப் போக, கரைச் சேற்றில் விரல் நீள மீன்கள் முன்துடுப்பை ஊன்றி ஊன்றித் தத்திக்கொண்டிருந்தன. களிமண் நிறம், தலைக்கு மேல் துருத்திய கண்கள். படகு கிட்டே போனதும் சேற்றின் மேலேயே துள்ளி ஓடின. கூட வந்த பெரியவர் ஒருவர் பிள்ளைகளிடம், "இது பரிணாம வளர்ச்சியில பாதி வழியில நின்னுபோன மீன். முழுசா வளர்ந்திருந்தா நம்மள மாதிரி ஆகியிருக்கும்" என்றார். பிள்ளைகள் அந்த மீனைப் பாவமாகப் பார்த்தார்கள்.

அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. 'பரிணாம வளர்ச்சி' என்று கற்றுக்கொடுத்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். வளர்ச்சி என்றால் ஓர் அளவு உண்டு, அதை எட்டாதது பாதியில் நிற்கிறது. அந்தச் சேற்று மீன் எந்த வழியிலும் நிற்கவில்லை. அது நம் ஊர் உளுவைக்குச் சொந்தம். கரையேறி நாலு கால் பிராணிகளுக்கு மூதாதையான மீன்கள் வேறொரு கிளை. அது நடந்து சுமார் 37 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இந்த மீன் அதற்கெல்லாம் வெகுகாலம் கழித்து, தன் பாட்டில், கடல் ஓதம் ஏறி இறங்கும் சேற்றில் பிழைக்கத் தோதான உடம்போடு வந்தது. ஈரத் தோலாலும் வாயின் உட்புறத்தாலும் மூச்சு விடும். அதற்கு அங்கே ஒரு குறையும் இல்லை.

சரி, சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தில் எவல்யூஷன். லத்தீனில் சுருட்டி வைத்த ஏட்டை விரிப்பதற்கு இருந்த சொல்லிலிருந்து வந்தது. ஏட்டில் முன்பே எழுதியிருப்பதுதானே விரியும்? அந்த வாடை பிடிக்காததாலோ என்னவோ, 1859இல் வந்த 'உயிரினங்களின் தோற்றம்' முதல் பதிப்பில் டார்வின் இந்தப் பெயர்ச்சொல்லைப் போடவே இல்லை. கடைசிச் சொல்லாக அதன் வினைவடிவம் மட்டும் வரும். அவர் விரும்பிச் சொன்னது, மாற்றத்தோடு வழிவழியாக வருதல் என்பதை. நம்முடைய பரிணாமம் வடசொல். வளைதல், வேறொன்றாக மாறுதல் என்று பொருள். சாங்கியம் என்ற பழைய இந்தியத் தத்துவ மரபினர் பால் தயிராவதைப் பரிணாமத்துக்கு உதாரணம் காட்டுவார்கள். அளவைக் குறிக்கும் பரிமாணம் வேறு சொல். இரண்டையும் போட்டுக் குழப்புவது தனிக் கொடுமை.

பால் தயிரானால் பால் 'வளர்ந்தது' என்று யாராவது சொல்வோமா? மாற்றம் என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கும்போது, வளர்ச்சி என்ற ஒட்டு எங்கிருந்து வந்தது? ஒட்டியதும் நிற்கவில்லை. நடிகரின் பரிணாம வளர்ச்சி, கட்சியின் பரிணாம வளர்ச்சி, கைப்பேசியின் பரிணாம வளர்ச்சி. தினம் ஒன்று காதில் விழுகிறது.

இதைச் சொன்னால் தனித்தமிழ் நண்பர்கள், "அதனால்தான் படிமலர்ச்சி என்கிறோம்" என்று வருவார்கள். அவர்களுடைய தமிழ்ப் பற்று எனக்கும் உண்டு. ஆனால் இந்தச் சொல் பழைய தவற்றை இரண்டு மடங்காக்குகிறது. 'படி' என்றதும் மனதில் ஏணி வந்துவிடுகிறது. கீழ்ப்படியில் புழு, மேல்படியில் நாம். 'மலர்ச்சி' அதற்கு மங்கலம் பாடுகிறது. உயிர்களின் வரலாற்றில் மலர்ந்ததைப் போலவே உதிர்ந்ததும் ஏராளம். பாம்பின் முன்னோருக்குக் கால் இருந்தது, போயிற்று. திமிங்கிலத்தின் முன்னோர் சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் தரையில் நாலு காலில் நடந்தவை. பின்னங்கால் போயிற்று, இடுப்பெலும்பின் மிச்சம் மட்டும் சதைக்குள் கிடக்கிறது. நாடாப்புழுவுக்குக் குடலே கிடையாது. செரித்த சோற்றுக்கு நடுவில் குடியிருப்பதற்குக் குடல் எதற்கு? குடலை இழந்ததை எந்த மலர்ச்சியில் சேர்ப்பது? அப்புறம், கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூரில் சிமெண்ட்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்களே, அது பழைய கடலடி. அங்கே கல்லாகக் கிடக்கும் அம்மோனைட்டுகள் என்ற சுருள் ஓட்டுக் கடல் பிராணிகள் 30 கோடி ஆண்டுகளுக்கு மேல் கடலில் நிறைந்திருந்துவிட்டு, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூண்டோடு அழிந்தன. ஏணியில் அவை எந்தப் படி? நம் வயலில் உரமாக விடும் நீலப்பச்சைப் பாசியின் குலம் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பே காற்றில் ஆக்சிஜனைச் சேர்க்கத் தொடங்கியது. இன்றைக்கும் ஒற்றைச் செல்லாகவோ செல் சரமாகவோ நடவு வயலில் தழைச்சத்து சேர்த்துக் கொடுக்கிறது. அது மலராமல் போனதா?

ஈழத்துப் பாடநூல்களில் 'கூர்ப்பு' என்பார்கள். கச்சிதமான சொல். ஆனால் தொல்காப்பியம் "கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்" என்று பொருள் சொல்லிவிட்டது. உள்ளது மிகுவதுதான் கூர்ப்பு. இல்லாமல் போவதற்கு அதிலும் இடமில்லை.

தமிழில்தான் வேண்டும் என்றால் நம் இலக்கணத்திலேயே சொல் இருக்கிறது. சொல்லோடு சொல் சேரும் புணர்ச்சியில் வரும் மாற்றத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்றாகப் படித்தோமே. மரபணுவில் ஓரெழுத்து புதிதாக நுழையலாம், வேறெழுத்தாக மாறலாம், விடுபட்டும் போகலாம். அதே மூன்று! கொரோனாக் காலத்தில் 'திரிபு' என்று செய்தியில் எழுதினார்கள், ஊரே புரிந்துகொண்டது. டார்வின் சொன்னதை 'வழிவழித் திரிபு' என்றால் அப்படியே பொருந்தும். பால் திரிந்துபோச்சு என்கிறோமே, கெட்ட வாடை அடிக்காதா என்று கேட்கலாம். கொஞ்சம் அடிக்கத்தான் செய்யும். ஆனாலும் பொய்யான மங்கலத்தைவிட அது தேவலை. எழுதும்போது நான் பரிணாமம் என்றே எழுதுகிறேன். 'பரிணமித்தது' என்று வினையும் கைவசம் இருக்கிறது, எல்லோருக்கும் தெரிந்தும் இருக்கிறது.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு மொழிபெயர்ப்பு, 'வலியது வெல்லும்'. ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1864இல் எழுதிய 'சர்வைவல் ஆஃப் தி ஃபிட்டஸ்ட்' என்ற சொற்றொடருக்கு இப்படி ஒரு தமிழ். பிழைப்பது வலியது என்று யார் சொன்னார்கள்? இருக்கும் இடத்துக்குப் பொருந்துவது பிழைக்கும், அவ்வளவுதான். எங்கள் பக்கம் சம்பா வயலில் களை எடுக்கும் அக்கா ஒருவர் எனக்கு இதை வயலிலேயே காட்டினார். நெல்லோடு நெல்லாகக் குதிரைவாலிப் புல் நின்றது. எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. அவர் ஒரு தாளை வளைத்து, "இலை தண்டக் கவ்வுற எடத்துல நாக்கு மாதிரி வெள்ளையா சவ்வு இருந்தா நெல்லு. இது வழவழன்னு இருக்கு பாரு, பிடுங்கிரு தம்பி" என்றார். படர்ந்து, செழித்து, தனியாகத் தெரியும் புல்தான் முதலில் கையில் சிக்கும். நெல்லைப் போல் ஒடுங்கி நிமிர்ந்து நிற்பது தப்பி, விதை உதிர்க்கும். சீனத்தின் யாங்சி ஆற்றுப் பகுதியில் இந்தப் புல்லின் மரபணுவைப் படித்து 2019இல் வெளியிட்ட ஆய்வு, சுமார் 1,000 ஆண்டுகளாக உழவர் கை களை பறித்துப் பறித்தே அங்கே நெல் வேஷம் போடும் புல் உருவானது என்கிறது. அங்கே வென்றது வலுத்த புல்லா?

படகு திரும்பும்போது சின்னவன், "அந்த மீன் எப்பப்பா மீதி வளரும்?" என்று கேட்டான். ஓதம் வற்றியிருந்தது. மற்ற மீன்கள் தண்ணீரோடு போய்விட்டன, இவை மட்டும் திறந்த சேற்றில் மேய்ந்துகொண்டிருந்தன. "சேத்துல வாழுறதுக்குன்னே பரிணமிச்ச மீன்டா அது" என்றேன். படகு துறையைத் தொடும்வரை அவன் அதையே பார்த்துக்கொண்டு வந்தான்.