டீபக்கரில் முட்டு எடுப்பது

செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் இரண்டாம் கட்டுப் பக்கம் போனால், சில இடங்களில் உத்தரத்துக்கு அடியில் ஒரு மரம் தனியாக நிற்கும். தூண் அல்ல, முட்டு. எந்த மழைக்கு யார் கொடுத்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. பாரம் தாங்குகிறதா, சும்மா நிற்கிறதா என்பதும் பார்த்தால் தெரியாது. நிரலை நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பிழை தேடும் கருவி டீபக்கர். ஜிடிபி (GDB) போன்ற டீபக்கர்களின் சொந்த நிரலிலும் இப்படி முட்டுகள் உண்டு. ஏதோ ஒரு சிப்பின் கோளாறுக்கோ, இயங்குதளத்தின் மையமான கெர்னலின் குறைக்கோ கொடுத்தவை, அந்த வன்பொருள் பழைய இரும்புக்கடைக்குப் போன பிறகும் நிற்கும்.

முதலில் முட்டு எது, தூண் எது என்று பிரிக்க வேண்டும். எக்ஸ்86 சிப்பில் பிரேக்பாயின்ட் (நிரல் வந்து நிற்க வேண்டிய இடம்) வைக்க, டீபக்கர் அந்தக் கட்டளையின் முதல் பைட்டை எடுத்துவிட்டு 204 என்ற மதிப்பை வைக்கிறது. சிப் அதை இயக்கி நிற்கும்போது அடுத்து இயக்க வேண்டிய கட்டளையின் முகவரி ஒரு பைட் தாண்டியிருக்கும். டீபக்கர் அதில் 1 கழிக்கிறது. பார்க்க ஒட்டுவேலை மாதிரி இருந்தாலும் அது அந்தச் சிப்பின் இயல்பு. கை வைக்கக் கூடாது.

இன்னொன்று இதைவிட ஏமாற்றும். ஆர்ம், பவர்பிசி, மிப்ஸ் சிப்களில் நினைவகத்தின் ஓர் இடத்தைக் குறுக்கீடு இல்லாமல் மாற்ற இரண்டு கட்டளைகள் ஜோடியாக வரும். முதலாவது படித்து முன்பதிவு செய்யும். இரண்டாவது, முன்பதிவு கலையாமல் இருந்தால் மட்டும் எழுதும். நடுவில் ஒவ்வொரு கட்டளையாக நிறுத்திக்கொண்டு போனால் முன்பதிவு கலைந்துவிடும். எழுதுவது தோற்கும், நிரல் மறுபடி முதலுக்கே போகும், அங்கேயே சுற்றும். அதனால் டீபக்கர் ஜோடியைத் தாண்டி ஒரு தற்காலிக பிரேக்பாயின்ட் வைத்து, நடுவில் உள்ளதை ஒரே ஓட்டமாக விடுகிறது. பழைய நிரல்தான், அழகும் இல்லை. ஆனால் காரணம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது.

உண்மையான முட்டு ஒன்றைப் பார்ப்போம். ஒரு மாறியை யார் மாற்றுகிறார்கள் என்று பிடிக்க வாட்ச்பாயின்ட் வைக்கிறோம். 64 பிட் ஆர்ம் சிப், 8 பைட் கொண்ட கட்டத்துக்குள் எந்தெந்தப் பைட்டைக் கவனிப்பது என்று பிட் பிட்டாகக் குறித்துக்கொள்ளும். ஆனால் பழைய லினக்ஸ் கெர்னல்கள், முகவரி 8-ஆல் வகுபடாவிட்டால் கோரிக்கையையே திருப்பி அனுப்பின. கட்டத்தின் பின்பாதியில் 4 பைட் மாறி இருந்தால் அதை மட்டும் கவனிக்க வழியில்லை. ஜிடிபி முழு 8 பைட்டையும் கவனிக்கச் சொல்லிச் சமாளித்தது. விளைவு, முன்பாதியில் இருக்கும் பக்கத்து மாறியைத் தொட்டாலும் நிரல் நிற்கும். எழுதுவதை மட்டும் கவனித்தால் கவலையில்லை. பழைய மதிப்பையும் புதிய மதிப்பையும் ஒப்பிட்டு, மாறவில்லை என்றால் டீபக்கர் சத்தமில்லாமல் ஓடவிடும். படிப்பதைக் கவனிக்கும்போதுதான் சிக்கல். மதிப்பு மாறாது, ஒப்பிட எதுவும் இல்லை, பொய்த் தகவல் திரைக்கு வந்துவிடும்.

இந்த முட்டைக் கொடுத்தவர்கள் நல்ல வேலைக்காரர்கள். கெர்னல் பதிப்பைப் பார்த்து முடிவு செய்யாமல், முதலில் சரியான அளவைக் கேட்டுப் பார்த்து, கெர்னல் மறுத்தால்தான் அகலப்படுத்தினார்கள். கெர்னல் திருந்தியதும் முட்டு தானாக ஒதுங்கிக்கொண்டது. ‘இந்தச் சிப் குடும்பமா, எப்போதும் இப்படித்தான்’ என்று கட்டிவைத்த முட்டுகள்தான் நல்ல இயந்திரங்களையும் நொண்டியாக்குகின்றன. எடுப்பதானால் அவற்றில் தொடங்கலாம்.

எடுக்கும் முறைக்கு வருவோம். நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி கிட். அதில் ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டவரைச் சொல்லும் கிட் பிளேம், பெரும்பாலும் இடைவெளி சரிசெய்தவரைத்தான் காட்டும். மாற்றங்களின் வரலாறான கிட் லாக்கில், முட்டின் வரி முதன்முதலில் நுழைந்த கமிட் (பதிவான ஒரு மாற்றம்) வரை பின்னால் போக வேண்டும். எந்தச் சிப், எந்தக் கெர்னல், என்ன கோளாறு என்ற மூன்றும் அங்கே கிடைக்க வேண்டும். பிறகு அந்தக் கோளாறை வெளிக்கொண்டுவரும் இருபது வரி நிரல் ஒன்று எழுத வேண்டும். அது இல்லாமல் மேலே போகாதீர்கள்.

கெர்னல் கைவிட்டதே போதாதா என்று தோன்றும். லினக்ஸ் 2013-இல் 3.8 பதிப்பில் 386 சிப்பை விட்டது, 2024 ஜனவரியில் 6.7 பதிப்பில் இட்டானியம் சிப்பை விட்டது. ஆனால் டீபக்கர் ஓடும் இயந்திரமும் அது சோதிக்கும் இயந்திரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. காரைக்குடிக் கல்லூரி ஆய்வகத்தில் புது மடிக்கணினியில் புது ஜிடிபி இருக்கும். வயரின் மறுமுனையில் பத்து வருஷப் பழைய கெர்னலோடு ஒரு போர்டு இருக்கும். அந்த முனையைத்தான் முட்டு தாங்குகிறது.

வேறொரு சிப்பைப்போல மென்பொருளிலேயே நடிக்கும் க்யூஎமு போன்ற எமுலேட்டரில் சோதித்துத் திருப்திப்படுவது இன்னொரு பொறி. எமுலேட்டர் சிப்பின் கையேட்டைப் பின்பற்றும், சிலிக்கானில் விழுந்த பிழையை நகலெடுக்காது. கெர்னல் குறைக்கு, பழைய கெர்னலை அதில் ஏற்றிச் சோதித்தால் போதும். சிப் குறைக்கு அசல் போர்டு கையில் வேண்டும்.

ஆசாரிகள் முட்டை ஒரேயடியாகத் தட்டிவிட மாட்டார்கள். ஆப்பைக் கொஞ்சம் தளர்த்தி, உத்தரம் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். இங்கும் முட்டை இயக்கவும் அணைக்கவும் ஓர் அமைப்பு வைத்து, ஒரு வெளியீட்டுக்கு அணைத்தே அனுப்பலாம். அதற்கு முன்னும் பின்னும் டீபக்கரின் சோதனைத் தொகுப்பை மேக் செக் கட்டளையால் ஓட்டி, முடிவுக் கோப்புகளை வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். ஒரு முறை போதாது, மூன்று முறை. பல திரிகள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஓடும் சோதனைகள் ஒரு நாள் தேறும், ஒரு நாள் தவறும்.

நீக்கும் கமிட்டில் வேறு எந்தச் சீரமைப்பையும் சேர்க்காதீர்கள். எந்தப் போர்டில், எந்தக் கெர்னலில் சோதித்தது என்று செய்தியில் எழுதுங்கள். பழைய போர்டு ஒன்று நாளைக்கு வந்து நின்றால், அந்த ஒரு கமிட்டை மட்டும் திருப்பினால் முட்டு பழைய இடத்துக்கு வந்துவிடும்.