நிலாவும் வெளிறாமல் சிலுவையும் இருளாமல்

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "என் கைப்பேசியிலேயே 200 மெகாபிக்சல் கேமரா இருக்கிறது. இன்னமும் சிலர் மரப்பெட்டி போன்ற கேமராவை முக்காலியில் நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, ஃபிலிமில் படம் எடுக்கிறார்களே. இது கலையா, வெறும் பந்தாவா?"

பந்தாவுக்காகச் செய்கிறவர்களும் உண்டு, மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பெட்டிக்குள் நடக்கிற விஷயம் வேறு. அதில் ஒரு குறிப்பிட்ட வேதியியல் வித்தை மீது எனக்குத் தீராத காதல். அதைச் சொல்வதற்காகவே இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டேன்.

முதலில் அளவு. பழைய ரோல் ஃபிலிமில் ஒரு படம் 24×36 மில்லிமீட்டர். இந்த மரப்பெட்டி கேமராக்களை லார்ஜ் ஃபார்மட் என்பார்கள்; அவற்றில் ஃபிலிம் குறைந்தது 4×5 அங்குலத் தாள். பரப்பில் சுமார் 15 மடங்கு. 8×10 அங்குலத் தாளோ 60 மடங்கு. 16×20 அங்குலத்தில் ஒரு பிரிண்ட் போட வேண்டுமென்றால் ரோல் ஃபிலிமை 17 மடங்கு பெரிதாக்க வேண்டும். 8×10 நெகட்டிவை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் போதும். படமாக நிற்கும் வெள்ளித் துகள்கள் கண்ணுக்குத் தெரியாது, சாம்பல் நிறங்கள் ஒன்றிலிருந்து ஒன்று வழுக்கிக்கொண்டு போகும். இது எல்லோரும் சொல்வதுதான்.

நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் என்லார்ஜர் பரவலாவதற்கு முன் வேறு வழியும் இல்லை. நெகட்டிவ் என்ன அளவோ அதுதான் பிரிண்டின் அளவு. 1858இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சிக் கோயில்களைப் படம் எடுத்த மதராஸ் அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப், மெழுகு பூசிய பெரிய காகித நெகட்டிவ்களைப் பயன்படுத்தினார். அந்தக் காலத்து வெள்ளி உப்புகளுக்கு நீல ஒளி மட்டுமே நன்றாகத் தெரியும். அதனால் நம் ஊர் வானம் நெகட்டிவில் அட்டைக் கறுப்பாகி, பிரிண்டில் வெறும் வெள்ளையாக வந்துவிடும். டிரைப் என்ன செய்தார் தெரியுமா? தூரிகை எடுத்து நெகட்டிவின் மேலேயே மேகங்களை வரைந்தார். 'ஃபோட்டோஷாப் வந்த பிறகுதான் எல்லாம் பொய்யாகிவிட்டது' என்று புலம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

அடுத்தது, கேமராவின் நடுவில் மடிப்பு மடிப்பாக இருக்கும் அந்தத் துருத்தி. லென்ஸும் ஃபிலிமும் துருத்தியின் இரண்டு முனைகளில் தனித்தனியாக இருப்பதால், லென்ஸை மட்டும் மேலே ஏற்றலாம், சாய்க்கலாம். ஏற்றினால் கேமராவை அண்ணாந்து திருப்பாமலே கோபுரம் முழுவதும் சட்டத்துக்குள் வரும், பக்கங்கள் உச்சியில் ஒன்றையொன்று நோக்கிச் சரியாது. சாய்த்தால் காலடிப் புல்லும் தூரத்து மலையும் ஒரே நேரத்தில் கூர்மையாகும். லென்ஸின் தளம், ஃபிலிமின் தளம், கூர்மையாகத் தெரியும் தளம் மூன்றும் ஒரே கோட்டில் சந்திக்க வேண்டும் என்கிற வடிவியல்தான் காரணம். ஆஸ்திரிய ராணுவ அதிகாரி தியோடர் ஷைம்ப்ஃப்ளுக்கின் பெயரால் அது அறியப்படுகிறது. இதையே ஒரு தனிக் கட்டுரையாக எழுதலாம், இன்று வேண்டாம்.

ஏனென்றால் என்னைக் கேட்டால் லார்ஜ் ஃபார்மட்டின் உண்மையான பலம் அளவிலும் இல்லை, துருத்தியிலும் இல்லை. ஒரு படத்துக்கு ஒரு தாள் என்பதில் இருக்கிறது. ரோல் ஃபிலிமில் 36 படங்கள். உச்சி வெயிலில் எடுத்ததும் மழை மேகத்தில் எடுத்ததும் படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் திரவத்தில், ஒரே டாங்கில், ஒரே நேரம் ஊற வேண்டும். தாளாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி வைத்தியம் பார்க்கலாம்.

அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் எடுத்த 'நிலா உதயம், ஹெர்னாண்டஸ், நியூ மெக்சிகோ' படத்தைப் பார்த்திருப்பீர்கள். கீழே சின்னஞ்சிறு கிராமம், தேவாலயம், கல்லறைத் தோட்டத்தில் வெள்ளைச் சிலுவைகள்; அதற்கு அப்பால் பனி மலை, மேகம்; மேலே கன்னங்கரிய வானத்தில் நிலா. 1941இன் இலையுதிர்காலத்தில் ஒரு மாலை, மகனோடும் நண்பரோடும் காரில் போய்க்கொண்டிருந்தவர் இந்தக் காட்சியைப் பார்த்ததும் வண்டியை ஓரங்கட்டினார். 8×10 கேமராவை அவசர அவசரமாக நிறுத்தினார். லைட் மீட்டரைத் தேடினால் காணோம். முதுகுக்குப் பின்னால் சூரியன் மேகத்துக்குள் நுழையப் போகிறது.

அப்போது அவருக்கு நினைவுக்கு வந்தது ஒரே ஒரு எண்: நிலாவின் ஒளிர்வு, சதுர அடிக்கு 250 கேண்டில் (கேண்டில் என்பது ஒளியை அளக்கும் பழைய அலகு).

இந்த எண்ணை வைத்துக்கொண்டு அவர் போட்ட மனக்கணக்கைப் பாருங்கள். ஓரிரு வருடங்களுக்கு முன்புதான் அவரும் சக புகைப்படக்காரர் ஃப்ரெட் ஆர்ச்சரும் சேர்ந்து 'ஸோன் சிஸ்டம்' என்ற முறையை வகுத்திருந்தார்கள். முழுக் கறுப்பிலிருந்து முழு வெள்ளை வரை 0 முதல் 10 வரை படிகள். ஒவ்வொரு படிக்கும் ஒளி இரட்டிப்பாகும். நடுச் சாம்பல் 5. நிலா 7ஆம் படியில் விழட்டும் என்று ஆடம்ஸ் முடிவெடுத்தார்: வெளிச்சமாகவும் இருக்க வேண்டும், வெளிறிப்போகவும் கூடாது. 7இல் 250 என்றால் 6இல் 125, 5இல் ஏறக்குறைய 60. ஃபிலிம் வேகத்தின் வர்க்கமூலத்தை லென்ஸ் துளையின் எண்ணாக வைத்தால், 5ஆம் படியின் ஒளிர்வைத் தலைகீழாக்கியதே ஷட்டர் நேரம் என்பது அவர் வாய்பாடு. அவர் ஃபிலிமின் வேகம் 64, அதன் வர்க்கமூலம் 8. எனவே எஃப்/8 துளையில் 1/60 நொடி. மஞ்சள் ஃபில்டர் போட்டிருந்ததால் மூன்று மடங்கு, அதாவது 1/20 நொடி. எல்லாம் கூர்மையாக இருக்க இன்னும் சிறிய துளையான எஃப்/32 வேண்டும். அதற்கு நான்கு படி, 16 மடங்கு. 16/20, ஏறத்தாழ ஒரு நொடி. ஷட்டரை ஒரு நொடி திறந்து மூடினார். பாதுகாப்புக்கு இன்னொன்று எடுத்து வைக்கலாம் என்று ஃபிலிம் ஹோல்டரைத் திருப்பிப் போடுவதற்குள் சிலுவைகள் மீதிருந்த வெயில் போய்விட்டது.

ஆக, நிலா காப்பாற்றப்பட்டது. சிலுவைகள்? அவற்றின் ஒளிர்வு எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது. குறைவு என்பது மட்டும் தெரியும். கைவசம் இருப்பது ஒரே ஒரு தாள். மேலே பளீரென்ற மேகம், கீழே மங்கலான கிராமம். சாதாரணமாக டெவலப் செய்தால் இரண்டில் ஒன்றைப் பறிகொடுக்க வேண்டியிருக்கும். நான் சொன்ன வித்தை வருவது இங்கேதான்.

அதற்கு ஃபிலிமுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். ஜெலட்டின் பூச்சில் வெள்ளி புரோமைடு படிகங்கள் பதிந்திருக்கின்றன. ஒளி பட்டதும் படிகத்துக்குள் ஓர் எலெக்ட்ரான் விடுபட்டு ஓடுகிறது, ஏதாவது ஒரு பொறியில் மாட்டிக்கொள்கிறது. நேர்மின்னூட்டம் கொண்ட வெள்ளி அயனி ஒன்று அதைத் தேடி நகர்ந்து வந்து வெள்ளி அணுவாகிறது. இப்படி ஒரே இடத்தில் நான்கு அணுக்கள் போலச் சேர்ந்துவிட்டால் அந்தப் படிகம் 'தேறிவிட்டது'. 1938இல் ரொனால்ட் கர்னி, நெவில் மாட் என்ற இயற்பியலாளர்கள் இந்த விளக்கத்தைக் கொடுத்தார்கள். கண்ணுக்கு எதுவும் தெரியாது. டெவலப்பரில் போட்டதும், அந்த நான்கு அணுக்களின் வழியாக எலெக்ட்ரான்கள் பாய்ந்து, நூறு கோடிக்கும் மேற்பட்ட அயனிகள் கொண்ட படிகம் முழுவதும் உலோக வெள்ளியாக மாறுகிறது.

அந்தப் பொறி எங்கிருந்து வந்தது என்பது தனிக் கதை. ஒரு தொகுதி ஜெலட்டினில் செய்த ஃபிலிம் வேகமாகவும், இன்னொரு தொகுதியில் செய்தது மந்தமாகவும் இருப்பது ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. 1920களில் கோடாக் ஆய்வகத்தில் சாமுவேல் ஷெப்பர்ட் துருவிப் பார்த்தார். ஜெலட்டின் மாட்டுத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் வருவது. மாடுகள் கடுகுச் செடியை மேய்ந்திருந்தால், கடுகுக்குக் காரம் தரும் கந்தகச் சேர்மம் துளியளவு ஜெலட்டினில் தங்கிவிடுகிறது. அந்தக் கந்தகம்தான் படிகத்தின் மேல் வெள்ளி சல்ஃபைடு புள்ளிகளாகி எலெக்ட்ரானைப் பிடிக்கிறது! மாடு என்ன மேய்ந்தது என்று ஆராயப் போகிறேன், பணம் கொடுங்கள் என்று இன்றைக்கு ஒரு நிதிக்குழுவிடம் விண்ணப்பித்துப் பாருங்கள். 'உடனடிச் சமூகப் பயன்' என்ற கட்டத்தை நிரப்பச் சொல்லியே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தக் கட்டம் அடிப்படை ஆராய்ச்சியைக் கொல்வதற்கென்றே கண்டுபிடிக்கப்பட்டது என்பது என் எண்ணம்.

சரி, ஆடம்ஸின் இருட்டறைக்கு வருவோம். டெவலப்பருக்கும் ஒரு தீர்ந்துபோகும் குணம் உண்டு. ஒரு படிகத்தை வெள்ளியாக்கும்போது டெவலப்பர் மூலக்கூறு தன் எலெக்ட்ரானைக் கொடுத்துவிட்டு வெற்றாகிவிடும். போதாததற்கு அங்கே வெளியாகும் புரோமைடு, வேலையை இன்னும் மந்தமாக்கும். தட்டை ஆட்டிக்கொண்டே இருந்தால் புது டெவலப்பர் வந்து சேரும், வேலை தொடரும். ஆட்டாவிட்டால்?

ஆடம்ஸ், மெட்டால் என்ற டெவலப்பர் ரசாயனமும் சோடியம் சல்ஃபைட்டும் மட்டுமே சேர்ந்த டி-23 என்ற மென்மையான டெவலப்பரை எடுத்துக்கொண்டார். தாளை 30 நொடி அதில் வைத்தார். ஜெலட்டின் ஊறி, டெவலப்பரை உறிஞ்சிக்கொண்டது. பிறகு தாளை எடுத்து வெறும் தண்ணீரில் போட்டு, இரண்டு நிமிடம் அசைக்காமல் விட்டார். இப்போது ஒவ்வொரு இடத்துக்கும் கைவசம் இருப்பது ஜெலட்டின் உறிஞ்சிவைத்த அந்தக் கொஞ்சம் மட்டுமே. பந்தியில் எல்லா இலைக்கும் ஒரே அளவு பரிமாறிவிட்டு, பரிமாறுகிறவர் போய்விட்ட மாதிரி. மேகம் விழுந்த இடத்தில் தேறிய படிகங்கள் ஏராளம். அவை தங்கள் பங்கைச் சில நொடிகளில் தீர்த்துவிட்டு நின்றுவிடுகின்றன. சிலுவைக்குக் கீழே இருண்ட புல் விழுந்த இடத்தில் தேறியவை மிகச் சில; அவற்றுக்கு டெவலப்பர் தீரவே இல்லை. அந்த இரண்டு நிமிடமும் நிதானமாக வளர்கின்றன. மறுபடி டெவலப்பர், மறுபடி தண்ணீர். இப்படிப் பத்துச் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் மேகம் கொஞ்சமே ஏறும். கிராமம் தன்னால் முடிந்த அளவு ஏறும்.

இதில் எந்த இடம் வெளிச்சம், எந்த இடம் நிழல் என்று யாரும் அந்தத் திரவத்துக்குச் சொல்லவில்லை என்பதுதான் எனக்குத் திகட்டாத விஷயம். படமே தன் டெவலப்பரைப் பங்கிட்டுக்கொள்கிறது. வானம் போன்ற பெரிய சமப்பரப்பில் திட்டுத் திட்டாக விழும் ஆபத்து உண்டு. அதனால் ஒவ்வொரு முறையும் தாளின் வேறொரு மூலை முதலில் நனையும்படி மாற்றி மாற்றி இறக்கினார். 36 படம் கொண்ட ரோலில், ஒரே ஒரு படத்துக்காக இப்படியெல்லாம் செய்ய முடியாது.

அப்படியும் முன்புறம் மெலிந்துதான் இருந்தது. 1948இல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியை மட்டும் ஒரு ரசாயனத்தில் அமிழ்த்தி, அங்கிருந்த வெள்ளிமேல் இன்னும் வெள்ளி படியச் செய்தார். பிரிண்டுகளிலும் அவர் கை சும்மா இருக்கவில்லை. ஆரம்பகாலப் பிரிண்டுகளில் வானம் சாம்பலாக, மெல்லிய மேகக்கீற்றுகளோடு இருக்கும். பிற்காலத்தவற்றில் ஏறக்குறைய முழுக் கறுப்பு. நாம் இன்று கொண்டாடும் அந்த நள்ளிரவு வானம், சூரியன் இன்னும் மறையாத ஒரு மாலையில் எடுக்கப்பட்டது! எனக்கு அந்த ஆரம்பகாலச் சாம்பல் வானமே அதிகம் பிடிக்கும். சந்தை என்னோடு ஒத்துப்போகவில்லை.

ஆடம்ஸுக்குத் தேதி எழுதிவைக்கும் பழக்கம் இல்லை. இந்தப் படத்துக்கே பல ஆண்டுகளைச் சொல்லியிருக்கிறார். கடைசியில் நிலாவின் நிலையை வைத்து வானியலாளர்கள் கணக்குப் போட்டார்கள். முதல் கணக்கு 1941 அக்டோபர் 31 என்றது. 1991இல் டென்னிஸ் டி சிக்கோ அதைத் திருத்தினார்: நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம் 20 நொடி.

இதையெல்லாம் இன்றைய டிஜிட்டல் கேமராவில் செய்ய முடியாதா? முடியும். வெளிச்சத்தை அடக்கி நிழலைத் தூக்கும் வேலையைக் கைப்பேசி நீங்கள் கேட்காமலேயே செய்துவிடுகிறது. 'ஃபிலிமுக்கு ஆன்மா இருக்கிறது' என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஜோசியத்துக்குச் சற்றுப் பக்கத்தில் வைக்க வேண்டிய பேச்சு அது. ஃபிலிமில் இருப்பது வெள்ளி, மாட்டு ஜெலட்டின், கொஞ்சம் கந்தகம். வித்தியாசம் எங்கே என்றால், கைப்பேசியில் எந்த நிழலை எவ்வளவு தூக்குவது என்பதை எங்கோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த பொறியாளர் எல்லோருடைய படத்துக்கும் சேர்த்து முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார். ஹெர்னாண்டஸில் நிலா 7ஆம் படியில் விழ வேண்டும் என்று முடிவு செய்தவர், சாலையோரத்தில் நின்றுகொண்டிருந்த ஆடம்ஸ்.

வாசகர் இரண்டாவதாக ஒன்று கேட்டிருந்தார்: வீட்டில் செய்து பார்க்க வழியுண்டா? உண்டு. புகைப்படத்துக்கென்றே விற்கும் 8×10 தாள் விலை மலைக்க வைக்கும். ஆனால் மருத்துவ எக்ஸ்ரே ஃபிலிம் அதே 8×10 அளவில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. உலகம் முழுக்கப் பல பொழுதுபோக்காளர்கள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். பெரும்பாலானவற்றுக்குச் சிவப்பு ஒளி தெரியாது என்பதால், மங்கலான சிவப்பு விளக்கில் படம் எழும்பி வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு தொல்லை: அவற்றில் பல வகைகளுக்கு இரண்டு பக்கமும் பூச்சு உண்டு, ஈரத்தில் சட்டென்று கீறிவிடும். வரிவரியாக மேடு உள்ள பிளாஸ்டிக் தட்டைத் தவிர்த்து, அடியில் கண்ணாடித் துண்டு போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், மெட்டால் சிலருக்குத் தோலில் ஒவ்வாமை தரும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.