டிசெபிலிட்டி பென்ஷன் மறுக்கப்பட்டதா? மெடிக்கல் போர்டு எழுதிய காரணத்தை முதலில் படியுங்கள்

ராணுவத்திலிருந்து நோயோடு ஊர் திரும்பியவர்கள் என்னிடம் பேச ஆரம்பிப்பது பெரும்பாலும் நோயைப் பற்றித்தான். சர்க்கரை எவ்வளவு, எத்தனை மாத்திரை, இரவில் முட்டி எப்படிக் குடைகிறது என்று விவரமாகச் சொல்வார்கள். ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தில் வழக்கு நடத்துகிற நான் கேட்கும் முதல் கேள்வி வேறு: "சார், ரிலீஸ் மெடிக்கல் போர்டு பேப்பர் கையில இருக்கா?" படையிலிருந்து விடுவிக்கும்போது உடல்நிலையைப் பார்த்து முடிவு எழுதும் ராணுவ மருத்துவர் குழுதான் அந்தப் போர்டு.

டிஸ்சார்ஜ் புக்கும் பென்ஷன் ஆணையும் பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக இருக்கும். அந்தத் தாள் மட்டும் இருக்காது. அதன் பெயர் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16. உங்கள் வழக்கு முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. இல்லாவிட்டால் உங்கள் பணிப் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீசுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு வாங்குங்கள்.

போர்டு அதில் மூன்று விஷயங்களைச் சொல்கிறது: என்ன நோய், அதனால் இயலாமை எத்தனை சதவீதம், அந்த நோய் பணியால் வந்ததா அல்லது பணியால் முற்றியதா. 20 சதவீதமோ அதற்கு மேலோ இருந்து, பணியோடு தொடர்பும் இருந்தால் டிசெபிலிட்டி பென்ஷன், அதாவது இயலாமைக்கான ஓய்வூதியம் உண்டு. மனு தோற்பது பெரும்பாலும் மூன்றாவதில்தான். "பணியால் வரவில்லை, பணியால் முற்றவும் இல்லை" என்று எழுதிவிடுவார்கள். பக்கத்தில் காரணம் என்று அரை வரி இருக்கும்.

ஒரு ஹவில்தாரின் தாளைச் சொல்கிறேன். ரத்தக் கொதிப்பு, 30 சதவீதம். காரணப் பத்தியில் "பீஸ் ஸ்டேஷனில் தொடங்கியது, ஃபீல்டு பணியுடன் தொடர்பில்லை" என்று மட்டும் இருந்தது. பீஸ் என்றால் அமைதியான ஊர் முகாம், ஃபீல்டு என்றால் எல்லை போன்ற களப் பகுதி. அதே படிவத்தின் முதல் பகுதியில், அவர் எங்கெங்கே எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தார் என்ற அட்டவணை இருக்கிறது. ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே பீஸா ஃபீல்டா என்ற குறிப்பும் உண்டு. நோய் கண்டுபிடிக்கப்பட்ட பீஸ் ஸ்டேஷனுக்கு முந்தைய வரியில் உயரமான மலைப் பகுதி. அங்கிருந்து இறங்கிய சில மாதங்களில் கொதிப்பு கண்டறியப்பட்டிருக்கிறது. போர்டு தன் படிவத்தின் முதல் பக்கத்தையே பார்க்காமல் கடைசிப் பக்கத்தை நிரப்பியிருக்கிறது. அப்பீலில் நாங்கள் எழுதியதும் இதைத்தான். நோயின் கொடுமையைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவதைவிட இந்த இரண்டு வரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது பலமானது.

இதற்குப் பின்னால் உள்ள சட்டம் 2013-இல் உச்ச நீதிமன்றம் தந்த தரம்வீர் சிங் தீர்ப்பு. வலிப்பு நோய்க்காக வெளியேற்றப்பட்ட சிப்பாய் அவர். சேரும்போது மருத்துவப் பரிசோதனையில் குறை எதுவும் பதியப்படவில்லை என்றால், நல்ல உடல்நிலையில்தான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும். பின்னால் வந்த நோய்க்குப் பணி காரணமில்லை என்று நிரூபிக்கிற பொறுப்பு அரசுடையது. போர்டு காரணம் காட்ட வேண்டும். சந்தேகத்தின் பலன் படைவீரருக்கு. 2025-இல் ராஜுமோன் வழக்கிலும், காரணம் சொல்லாத மெடிக்கல் போர்டு முடிவை நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஆனால் தரம்வீர் சிங் பெயரைச் சொன்னாலே ஜெயித்துவிடலாம் என்று சில வாட்ஸ்அப் குழுக்களில் பரவுவதை நம்ப வேண்டாம். 2019-இல் நர்சிங் யாதவ் வழக்கில் மனச்சிதைவு நோயைச் சேர்க்கும்போதே கண்டுபிடிக்க முடியாது என்று சொல்லி, போர்டின் கருத்துக்கே மதிப்புக் கொடுத்து நீதிமன்றம் பென்ஷனை மறுத்திருக்கிறது. 2023 செப்டம்பர் 21-லிருந்து புதிய விதிகள் வேறு வந்துவிட்டன. எனவே நீங்கள் வெளியே வந்த தேதிக்கு எந்த விதிகள் பொருந்தும் என்று பார்க்காமல் யாருடைய மனுவையும் நகலெடுக்காதீர்கள்.

காயம் என்றால் கதை வேறு. அங்கே போர்டைவிட, காயம் எப்படி நேர்ந்தது என்று ராணுவம் விசாரித்து எழுதும் விசாரணைக் குழு அறிக்கைதான் பேசும். லீவில் இருந்தபோது நடந்த விபத்து என்பதாலேயே தள்ளிவிட முடியாது. லீவில் இருப்பதும் பணியில் இருப்பதுதானே என்று வாதிட்டாலும் போதாது. அந்தச் செயலுக்கும் ராணுவப் பணிக்கும் தொடர்பு இருக்க வேண்டும். லீவில் உறவினர் வீட்டுப் படிக்கட்டில் வழுக்கி விழுந்தவருக்கு 2015-இல் உச்ச நீதிமன்றம் இல்லை என்றுவிட்டது. யூனிட்டிலிருந்து லீவுக்கு ஊர் வரும் பயணம் அப்படியல்ல, அது பணிக் கணக்கில் சேரும்.

மறுப்புக் கடிதம் வந்தால் ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல். அதுவும் தள்ளுபடியானால் இரண்டாவது அப்பீல். அதற்குப் பிறகு தீர்ப்பாயம். நம் பக்கத்துக்குச் சென்னை அமர்வு. அப்பீல் போட்டு ஆறு மாதம் ஆகியும் பதில் இல்லை என்றால் அதைக் காட்டியே தீர்ப்பாயத்துக்குப் போகலாம், பதிலுக்காக வருடக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. அங்கே ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியும் ஒரு மூத்த படை அதிகாரியும் சேர்ந்து அமர்வார்கள். அந்த அதிகாரிக்கு ஃபீல்டு என்றால் என்ன என்று நாம் விளக்க வேண்டியதில்லை. அது ஒரு நிம்மதி.

பணத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. 100 சதவீத இயலாமைக்குக் கடைசி ஊதியத்தில் 30 சதவீதம். ஊதியம் 40,000 ரூபாய் என்றால் 12,000. இதில் 30 சதவீத இயலாமைக்கு 3,600 தான் வரும். ஆனால் 50-க்குக் கீழே உள்ளதை 50 ஆகவும், 50 முதல் 75 வரை உள்ளதை 75 ஆகவும், அதற்கு மேல் 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிட வேண்டும். அப்படியானால் 6,000. பணிக்காலம் முடிந்து ஓய்வு பெற்றவருக்கும் இது பொருந்தும் என்று 2014-இல் ராம் அவதார் வழக்கில் தீர்ப்பானது. ஏற்கெனவே பென்ஷன் வாங்குகிறவர்களும் ஆணையை எடுத்து எத்தனை சதவீதம் என்று ஒருமுறை பாருங்கள். உயர்த்தாமலே விட்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

தாமதத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பென்ஷன் மாதாமாதம் வர வேண்டியது என்பதால் பல வருடம் கழித்து வந்தாலும் கதவு பெரும்பாலும் மூடுவதில்லை. ஆனால் 2008-இல் வந்த தர்சேம் சிங் தீர்ப்பின்படி, நிலுவை பொதுவாக மனுப் போட்டதற்கு முந்தைய மூன்று வருடத்துக்குத்தான். 12 வருடம் கழித்து வருகிறவர் ஜெயித்தாலும் ஒன்பது வருடப் பணம் போனது போனதுதான். ஜெயித்த பிறகும் அரசு உயர் நீதிமன்றம் போகலாம். 2023-இல் உச்ச நீதிமன்றம் அந்த வழியை உறுதி செய்திருக்கிறது. நாம் தோற்றாலும் அதே வழி நமக்கும் உண்டு.