சடுதி இல்லாத 'சடுதி மாற்றம்'

பெருங்குடல் புற்றுநோயைப் பற்றி எழுத உட்கார்ந்தால், இரண்டாவது பத்திக்குள், மரபணுவில் நேரும் மாற்றத்தைக் குறிக்கும் 'மியூட்டேஷன்' வந்து நிற்கும். பாடநூலில் படித்த நினைவில் அதைச் 'சடுதி மாற்றம்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இந்த நோய்க்கு அதைவிடப் பொருந்தாத சொல்லைத் தேடினாலும் கிடைக்காது.

மூலச்சொல் லத்தீனின் 'மூட்டாரே'. பொருள், மாறுதல், அவ்வளவுதான். விரைவு அதில் இல்லை. அதை ஏற்றியவர் நெதர்லாந்தின் தாவரவியலாளர் ஹியூகோ டி விரீஸ். ஈனோதெரா என்னும் பூச்செடியில் ஒரே தலைமுறையில் புதிய வடிவங்கள் தோன்றுவதைக் கண்டு, 1901-ல் வெளியான தம் நூலில் அவற்றை 'மியூட்டேஷன்' என்றார். அவர் கண்டவற்றில் பெரும்பாலானவை தனி மரபணுக்களின் மாற்றமல்ல, குரோமோசோம்களின் கோளாறு என்பது பிறகு தெரியவந்தது. அவருடைய வியப்பு மட்டும் நம் 'சடுதி'யில் தங்கிவிட்டது.

குடலுக்குள் நடப்பதோ பொறுமையான வேலை. குடலின் உட்சுவர் சில நாட்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. அதற்காகச் செல்கள் பிரியும்போது மரபணுக்கள் நகலெடுக்கப்படுகின்றன; ஒவ்வொரு நகலெடுப்பிலும் பிழை நுழைய இடமுண்டு. 1990-ல் பியரன், வோகல்ஸ்டைன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வகுத்த, புற்று உருவாகும் படிநிலை இன்றும் அடிப்படையாக இருக்கிறது. பெரும்பாலும் முதலில் கெடுவது செல் பெருக்கத்துக்குக் கடிவாளமிடும் ஏபிசி மரபணு. குடல் சுவரில் 'பாலிப்' என்னும் சிறு சதை வளர்ச்சி முளைக்கிறது. பிறகு வளர்ச்சிக் கட்டளையைக் கடத்தும் கேராஸ் மரபணு பழுதாகி, 'வளர்' என்ற கட்டளை அணையாமல் எரிகிறது. ஏறத்தாழ 40 சதவீதக் கட்டிகளில் இதைக் காணலாம். பழுதான செல்களைத் தடுத்து நிறுத்தும் டிபி53 மரபணு செயலிழக்கும் கட்டத்தில் பாலிப் புற்றாகிச் சுவரைத் துளைக்கிறது. இதற்குப் பொதுவாகப் பத்தாண்டும் அதற்கு மேலும் ஆகும். கேமராக் குழாயைச் செலுத்திக் குடலைப் பார்க்கும் கொலோனாஸ்கோப்பியில் பாலிப்பை அகற்றி நோயைத் தடுக்க முடிவதே இந்த நிதானத்தால்தான்.

மாற்றுச் சொற்கள் உண்டு. 'மரபணு மாற்றம்' என்றால் மரபணு மாற்றுப் பயிர் நினைவுக்கு வரும். 'பிறழ்வு' நல்ல சொல். பிறழ் சாட்சியைப் போல, சொல்ல வேண்டியதை மாற்றிச் சொல்லும் மரபணு. ஆனால் என் வாக்கு, இலங்கைத் தமிழ் உயிரியலில் வழங்கும் 'விகாரம்' என்பதற்கே.

காரணம் இலக்கணத்தில் இருக்கிறது. நன்னூல் விகாரத்தை மூன்றாகப் பிரிக்கிறது: தோன்றல், திரிதல், கெடுதல். வாழைப்பழத்தில் 'ப்' தோன்றியது; மட்குடத்தில் 'ண்' திரிந்து 'ட்' ஆனது; மரவேரில் 'ம்' கெட்டது. மரபணுவை எழுதும் ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளுக்கு நேர்வதும் இதுவே. கேராஸில் அடிக்கடி காண்பது திரிதல்: 12-வது இடத்து ஜிஜிடி என்னும் மூவெழுத்து ஜிஏடி ஆகிறது. ஒரே எழுத்து! ஏபிசியில் ஓரிரு எழுத்துகள் கெட்டோ தோன்றியோ மூன்று மூன்றாகப் படிக்கும் ஒழுங்கு சரிய, புரதம் பாதியில் நின்றுவிடுகிறது. ஏறத்தாழ 15 சதவீதக் கட்டிகளில் நகலெடுப்பின் பிழைகளைத் திருத்தும் அமைப்பே பழுதாகி, ஒரே எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடங்களில் தோன்றலும் கெடுதலும் குவிகின்றன. இந்த வழியில் போகும், பெற்றோர் வழி வரும் லிஞ்ச் நோய்க்குறியில் பாலிப் சில ஆண்டுகளிலேயே புற்றாகலாம். 'சடுதி'க்குச் சற்றேனும் நியாயம் செய்வது இது ஒன்றுதான்.

விகாரத்துக்கு ஒரு குறை, பேச்சு வழக்கில் அது அருவருப்பைக் குறிப்பது. நோயாளியிடம் 'உங்கள் மரபணுவில் விகாரம்' என்று சொல்ல நானே தயங்குவேன். அங்கே 'பிறழ்வு' இருக்கட்டும்.

எந்தச் சொல்லை எடுத்தாலும் முன்னால் வரும் 'மரபணு' ஒரு வீண் பயத்தைக் கிளப்புகிறது: பிள்ளைகளுக்கும் வருமோ? பெரும்பாலான கட்டிகளில் காணும் விகாரங்கள் வாழ்நாளில் குடல் செல்களில் நேர்ந்தவை, கட்டியோடு முடிபவை. லிஞ்ச் போன்று பெற்றோர் வழி வருபவை 100-க்கு ஏறத்தாழ 5. மரபணுப் பரிசோதனை அறிக்கையைத் தமிழில் எழுதுபவர்கள் 'கட்டியில் கண்ட விகாரம்', 'பிறவி விகாரம்' என்று இரண்டையும் பிரித்தே எழுதலாம். இரண்டு சொல் கூடும்; ஒரு குடும்பத்தின் தூக்கம் மிஞ்சும்.