மரவேலி: குழி தோண்டும் முன்பே தொடங்கும் பாதுகாப்பு

மரவேலி போடும் வேலையில் எல்லோரும் பயப்படுவது ரம்பத்துக்கு. ஆனால் உயிரையே எடுக்கக்கூடியது மண்ணுக்குள் கிடக்கும் மின்கேபிள். 1.8 மீட்டர் உயர வேலிக்குத் தூண்குழி சுமார் 60 செ.மீ. ஆழம் வேண்டும், பல இடங்களில் கேபிளும் எரிவாயுக் குழாயும் போவது அதே ஆழத்தில்தான்.

வேலையைத் தொடங்கும் முன் ஒவ்வொரு ஆபத்துக்கும் இரண்டு மதிப்பெண் போடுங்கள்: நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு பாதிப்பு. இரண்டும் 1 முதல் 5 வரை. பெருக்கி வருவதுதான் இடரின் அளவு. கையில் சிலாம்பு ஏறுவது 5×1. கேபிளை வெட்டுவது 2×5. பாதிப்பு 5 என்றால், வாய்ப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதை முதலில் கவனிக்க வேண்டும்.

கேபிள் போகும் பாதை தெரிந்தால் வேலிக் கோட்டையே நகர்த்துவதுதான் மிகச் சிறந்த வழி. முடியாவிட்டால், கண்டறியும் கருவியால் தடம் பாருங்கள். மின்சாரம் ஓடாத கேபிளும் பிளாஸ்டிக் குழாயும் கருவிக்குத் தப்பிவிடலாம். அதனால் சந்தேகமான இடத்தில் கடப்பாரையும் துளையிடும் இயந்திரமும் வேண்டாம். மின்காப்புள்ள கைப்பிடி கொண்ட மண்வாரியால் மெதுவாகத் தோண்டுங்கள். கேபிளுக்கு மேலே புதைத்து வைக்கும் எச்சரிக்கை நாடா தென்பட்டால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். கையுறை இதற்கெல்லாம் மாற்று அல்ல. அது கடைசி அரண்.

அடுத்தது காற்று. அதன் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும்: வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. நொடிக்கு 10 மீட்டர் காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 60 நியூட்டன் தருகிறது. 20 மீட்டர் ஆனால் 245. அப்போது 1.8 மீட்டர் சதுரப் பலகைத் தடுப்பின் மீது ஏறத்தாழ 80 கிலோ எடைக்குச் சமமான விசை விழும். கான்கிரீட் இறுகாத தூண் இதைத் தாங்காது. ஒவ்வொரு தூணுக்கும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் முட்டுக் கொடுங்கள். சாதாரணக் கான்கிரீட் என்றால் 48 மணி நேரமாவது விட்டு, பிறகு தடுப்பைப் பொருத்துங்கள். காற்று பலமாக வீசும் நாளில் தடுப்பைத் தூக்கவே வேண்டாம்.

ஈரக் கான்கிரீட்டில் மண்டியிடுவது பலர் செய்யும் தவறு. அதன் காரத்தன்மை பிஎச் 12-க்கும் மேல். துணி வழியாக ஊறித் தோலைப் பொசுக்கும். வலி மணிக்கணக்கில் தாமதமாகவே தெரியும். பட்டவுடன் ஈரத்துணியைக் கழற்றிவிட்டு, ஓடும் நீரில் நெடுநேரம் கழுவுங்கள்.

பலகையை அறுக்கும்போது, வெட்டுப்பட்ட துண்டு தடையின்றிக் கீழே விழும்படி முட்டு வையுங்கள். இரு முனைகளில் மட்டும் தாங்கினால் பலகை நடுவில் தொய்ந்து, வெட்டு இறுகி, ரம்பத்தைக் கவ்வும். ரம்பம் ஆளை நோக்கி எகிறும். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. துகள் வடிகட்டும் முகக்கவசம் அவசியம்.

மருந்தேற்றிய மரத்தின் கழிவுத் துண்டுகளை எரிக்காதீர்கள். பழைய மரத்தில் ஆர்சனிக் இருந்தால், அது புகையிலும் சாம்பலிலும் வரும். புதிய மருந்துகள் பலவற்றில் உள்ள தாமிரம் சாதாரண இரும்பு ஆணியை அரித்துவிடும். உருகிய துத்தநாகத்தில் முக்கிப் பூச்சேற்றிய ஆணியோ துருவுறா எஃகுத் திருகாணியோ போட்டால் சில ஆண்டுகள் கழித்துப் பலகை கழன்று விழாது.